காசு நோட்டச் சொற்கள்: மராத்தியும் தமிழும்

புதிதாக அடிக்கப்பெற்ற நாணயத்தின் எடையையும் உலோகத் தரத்தையும் சோதிக்கும் தொழில் பொருளியல் வரலாற்றினர்க்குரிய பொருளாகவே இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. அத்தொழிலைச் சூழ்ந்து நிற்கும் சொற்களமோ மொழியியலாளரின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது. சோதிப்பவன், சோதிக்கும் முறை, ஒப்புநோக்குதற்குரிய அளவுகோல், கண்டறிந்த குறை, அக்குறைக்காகக் கழிக்கப்படும் தொகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் இந்திய மொழிகளில் தனிப்பெயர் உண்டு. இப்பெயர்களை அகராதிகளும் மொழிபெயர்ப்புகளும் கையாண்ட முறையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். மராத்தியச் சான்றுகளுக்குப் புனே நகர் மையமாகக் கொள்ளப்படுகிறது. பேஷ்வாக்களின் தலைநகராக இருந்து அங்குசி என்னும் ரூபாயை வெளியிட்ட நகர் அது. அவ்வாட்சியின் ஆவணங்களைக் காக்கும் பேஷ்வா தப்தரும் வடமொழி ஆய்வின் பெருநிலையங்களும் அங்கேயே உள்ளன. தஞ்சையை ஆண்ட மராத்தியர் மோடி எழுத்தில் ஆவணம் எழுதியவர்கள் ஆதலின், புனேயின் காசுச் சொல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் அயலானது அன்று.

பார்த்தலும் நிறுத்தலும்

பாணினியின் 1.4.52 ஆம் நூற்பாவுக்கு உரை வகுக்கும் பதஞ்சலி, ‘காண்’ என்னும் வினையின் பிறவினை வடிவத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். ரூபதர்க்கன் கார்ஷாபணத்தைக் காண்கிறான் என்பது தன்வினைத் தொடர். அவனைக் கார்ஷாபணத்தைக் காணச்செய்தல் பிறவினைத் தொடர். கார்ஷாபணம் என்பது முத்திரையிட்ட காசு. ரூபதர்க்கன் என்பான் காசின் ‘ரூபத்தை’, அஃதாவது அதன் மேல் அடிக்கப்பெற்ற வடிவத்தை, ஆய்ந்து முடிவு கூறுபவன். கிறித்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளில், ஓர் இலக்கணி தன் மாணாக்கர்க்கு விளக்கமே தேவைப்படாத அன்றாடக் காட்சியாகக் கருதி எடுத்தாளும் அளவுக்குக் காசுச் சோதகன் பழகிய ஆளாக இருந்துள்ளான். மகாபாஷ்யத்தை 1880 முதல் 1885 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்த கீல்ஹார்ன் புனே டெக்கான் கல்லூரியில் 1866 முதல் பேராசிரியராகப் பணியாற்றியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இலக்கண நோக்கில் இத்தொடர் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சிறு சோதனை. வடமொழியில் காட்டப்படுபவனும் இரண்டாம் வேற்றுமை, காட்டப்படும் பொருளும் இரண்டாம் வேற்றுமை. தமிழில் காசை நோட்டக்காரனுக்குக் காட்டுகிறான் என நான்காம் வேற்றுமையே வரும். பதஞ்சலியின் எடுத்துக்காட்டை அப்படியே தமிழாக்கினால் அவர் காட்ட விரும்பிய இலக்கண நிகழ்ச்சி மறைந்துவிடுகிறது. அதை மறையாமல் காக்க முயன்றால் தமிழ் தமிழாக நிற்பதில்லை. இலக்கண நூல்களை மொழிபெயர்ப்போர் எடுத்துக்காட்டுகளை எழுத்துப்பெயர்த்து, பொருளைத் தனியே தருவது இக்காரணத்தால் தவிர்க்க இயலாத முறையாகிறது.

கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்தில் இதே அலுவலர் ரூபதர்சகர் எனப்படுகிறார். காசு அடிக்கும் சாலைக்குத் தலைவர் லக்ஷணாத்யக்ஷர். அடித்த காசைச் சோதிப்பவர் ரூபதர்சகர். இருவரும் வேறு என்பது கவனிக்கத்தக்கது. வணிகத்தில் வழங்குதற்குரிய காசு, கருவூலத்துள் ஏற்றற்குரிய காசு எனக் காசை இருவகைப்படுத்தி நடத்தும் பொறுப்பு ரூபதர்சகருடையது. சோதனைக் கட்டணம் நூற்றுக்கு எட்டிலொரு பணம் என்றும் அந்நூல் விதிக்கிறது. அக்கட்டணத்தின் பெயர் பாரீக்ஷிகம்.

ரூபதர்சகனில் உள்ளது ‘காண்’ என்னும் வினை. பாரீக்ஷிகத்தில் உள்ளது ‘சுற்றிப் பார்’ என்னும் வினை. மராத்தியில் வழங்கும் பாரகீ என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே. தமிழில் காசு நோட்டம், நோட்டக்காரன் என்பன, மலையாளத்தில் நோட்டக்காரன், கன்னடத்தில் நோடகார என்பன ஆகிய யாவும் பார்த்தற்பொருள் தரும் திராவிட வேரினின்று பிறந்தவை. இரு மொழிக்குடும்பங்களும் ஒரே படிமத்தைத் தேர்ந்துள்ளன. ஐரோப்பிய மொழிகளில் நிலைமை வேறு. ஆங்கிலத்தின் ‘அஸே’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக எக்ஸாகியம் என்னும் பிற்கால இலத்தீனச் சொல்லுக்குச் செல்கிறது. அதன் பொருள் நிறுத்தல். இந்தியச் சோதகன் பெயரால் பார்ப்பவன். ஐரோப்பியச் சோதகன் பெயரால் நிறுப்பவன். இதனைக் கொண்டு இந்தியர் நிறுக்கவில்லை, ஐரோப்பியர் பார்க்கவில்லை என வரலாறு எழுதுவது பேதைமையாகும். தராசு இன்றி எந்நாட்டிலும் காசுச் சோதனை நிகழ்ந்ததில்லை. ஆயினும் ‘அஸே’ என்பதற்கு எடைச்சோதனை, தரச்சோதனை என இரண்டு தமிழ்ச் சொற்களை மாறிமாறி இடும் மொழிபெயர்ப்பாளர், அச்சொல் இக்காலத்தில் உலோகத் தூய்மைச் சோதனையையே குறிக்கும் என்பதையும், நிறுத்தல் அதன் வேர்ப்பொருள் மட்டுமே என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

போத்தார்

பேஷ்வாக்கள் காலத்தில் மராத்திய நாட்டில் காசடிக்கும் உரிமை ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. பொற்கொல்லர் முதலியோர் அரசின் உரிமம் பெற்று, கட்டணம் செலுத்தி, குறித்த தரத்தில் காசடித்தனர். தரம் குறைந்த வழி தண்டமும் உரிம இழப்பும் நேரும். பல சாலைகள், பல காசுகள், பல மதிப்புகள் என்னும் இந்நிலையை முதன்முதலாக ஒழுங்குபட விளக்கியவர் மகாதேவ கோவிந்த ரானடே. மராத்தியர் கால நாணயங்களும் தங்கசாலைகளும் குறித்து 1899 இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை இன்றும் மதிக்கத்தக்கது. ஆயினும் மொழியியலாளர்க்கு அது ஓரளவே உதவும். அரசின் கொள்கையை விளக்குவதே அவர் நோக்கம். ஆவணங்களில் வரும் தொழிற்சொற்கள் ஆங்கிலப் பொதுச் சொற்களுள் கரைந்துவிடுகின்றன. அவற்றை மீட்க விரும்புவோர் மோடி எழுத்து ஆவணங்களுக்கும், சர்தேசாய் 1930 முதல் 1934 வரை 45 தொகுதிகளாக வெளியிட்ட பேஷ்வா தப்தர்த் தெரிவுகளுக்கும் செல்லுதல் வேண்டும்.

புனே ரூபாய் தன்மேல் பொறித்த அங்குசக் குறியால் அங்குசி எனப்பட்டது. அதே காசில் முகலாயப் பேரரசரின் பெயரும், ஔரங்கசீபு காலத்தில் புனேக்கு இடப்பட்ட முஹியாபாத் என்னும் பெயரும் பாரசீக எழுத்தில் இருந்தன. அடித்தவன் மராத்தியன், பெயர் முகலாயனுடையது, எழுத்து பாரசீகம். எழுத்தறியாத உழவன் காசை அங்குசக் குறியால் அறிந்தான்; அதன் தரத்தை அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அவரே போத்தார்.

இச்சொல்லின் வரலாறு நெடியது. பாரசீகத்தில் ஃபோத்தா என்பது துணியும் பணப்பையுமாகும். ஃபோத்தாதார் என்பான் பையை உடையவன், அதாவது பணம் காப்பவன். மராத்தியில் ஃப என்னும் ஒலி ப ஆகத் திரிந்து போத்தார் ஆயிற்று. காஷ்மீரத்தில் ஃபோத்தேதார் எனவும் வங்கத்தில் போத்தார் எனவும் வழங்கும் குடும்பப் பெயர்களும் இதன் உறவுகளே. பணம் காப்பவன் பெற்றுக்கொள்ளும் காசின் தரத்துக்கும் பொறுப்பாளி ஆகிறான். ஆகவே அவனே சோதகனுமானான். சிற்றூர்களில் இப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் பொற்கொல்லரே. பின்னர்ப் பிரித்தானியர் ஆட்சியில் ஒரே ரூபாய் வழக்குக்கு வந்ததும் தொழில் மறைந்தது. பெயர் குடும்பப் பெயராக நின்றது. 1835 இன் 17 ஆம் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெயின் எனவும், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி எனவும் நிறுவப்பட்டது. இன்று புனேத் தெருக்களில் பெயர்ப்பலகையில் போத்தார் என்று காண்பவர் அதனுள் ஒரு தராசும் உரைகல்லும் இருப்பதை எண்ணுவதில்லை.

மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதி (முதற்பதிப்பு 1831, இரண்டாம் பதிப்பு 1857) கருவூலத்துக்கு வரும் காசைச் சோதிக்கும் அலுவலர் என்னும் பொருளை இச்சொல்லுக்கு முதன்மையாகத் தருகிறது. இது சரியே. ஆனால் பொருள்கள் எந்த வரிசையில் வளர்ந்தன என்பது அதிலிருந்து புலப்படாது. பை, கருவூலம் என்னும் பொருளில் வழங்கும் போதேம் என்னும் சொல்லையும், கருவூலக் கணக்கனைக் குறிக்கும் போத்னீஸ் என்னும் சொல்லையும் உடன்வைத்துக் கண்டாலன்றிக் காப்பவன், எழுதுபவன், சோதிப்பவன் என்னும் முப்பிரிவு தெளிவாகாது.

எச். எச். வில்சன் 1855 இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் விளக்கத் தொகுதி இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. வடமொழி அகராதி தந்தவர், ஆக்ஸ்போர்டில் முதல் போடன் பேராசிரியர் எனவே மொழித்துறையினர் வில்சனை அறிவர். 1832 இல் இந்தியாவை விட்டு நீங்கும் வரை அவர் கல்கத்தா நாணயச் சாலையில் தலைமைச் சோதகராக இருந்தவர் என்பதைப் பலரும் கருதுவதில்லை. அவருக்குக் கீழ் 1819 இல் துணைச் சோதகராகச் சேர்ந்து, பின்னர் அவர் இடத்தைப் பெற்ற ஜேம்ஸ் பிரின்செப்தான் 1837 இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்தவர். சோதகர்களே அகராதியாளர்களாகவும் எழுத்தறிஞர்களாகவும் இருந்த ஒரு காலம் அது. அத்தகைய கையினின்று வந்த தொகுதி காசுச் சொற்களிலேனும் பிறவற்றினும் நுட்பமாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. அத்தொகுதியோ மாவட்ட அலுவலர் பலர் அனுப்பிய பட்டியல்களைச் சார்ந்து நின்றது. பல மொழிச் சொற்களும் ஒரே உரோமன் வரிசையில் அடுக்கப்பட்டன. ஒரு சொல் எம்மொழியிற் பிறந்து எம்மொழியில் எப்பொருள் பெற்றது என்னும் வினாவுக்கு அதில் விடை தேடுவோர் ஏமாற்றமடைவர். வருவாய் அலுவலர்க்குப் பயன்படும் கையேடு என்ற அளவில் அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. வரலாற்று அகராதியாக அதனை மேற்கோள் காட்டும் வழக்கமே கண்டிக்கத்தக்கது.

நாணேயும் நாணயமும்

புனே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்தில், கொங்கணத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் பழைய கணவாயின் பெயர் நாணேகாட். சாதவாகன அரசி நாகனிகா வேள்விக் கொடைகளைப் பதித்த கல்வெட்டு அங்கு உள்ளது; கொடையாக வழங்கிய கார்ஷாபணங்களின் தொகை எண்குறிகளால் எழுதப்பட்டிருப்பதால் இந்திய எண்களின் வரலாற்றிலும் அது முதன்மை பெறும். கணவாயின் உச்சியில் ஒரு பெரிய கற்சாடி இருக்கிறது. சுங்கக் காசு இடுவதற்கென அமைந்தது அது என்பது ஊர் வழக்கு. வழக்கு மெய்யாயினும் அன்றாயினும் நாணே என்னும் மராத்திச் சொல்லின் பொருள் காசு என்பதில் ஐயமில்லை.

நாணே, நாணயம் என்னும் இரண்டும் நாணகம் என்னும் வடமொழிச் சொல்லோடு தொடர்புறுத்தப்படுகின்றன. குஷாணர் காசில் உள்ள நனா என்னும் தேவியின் பெயரே இதன் மூலம் என்பாரும் உளர். தமிழ் வடிவத்தை நேரே நாணகத்தினின்று பெறுவது ஒலியியலுக்கு ஏற்புடைத்தன்று. உயிரிடை ககரம் தமிழில் யகரமாகத் திரிய வேண்டிய நெருக்கம் இல்லை. நாடகம், பாடகம் போன்ற கடன்சொற்கள் ககரத்தை இழக்கவில்லை. பிராகிருதத்தில், சிறப்பாகச் சமணர் வழக்கில், உயிரிடை ககரம் கெட்டு அவ்விடத்தில் யகர உடம்படுமெய் தோன்றுதல் பெருவழக்கு. நாணய என்னும் பிராகிருத வடிவம் தமிழில் அம் ஈறு பெற்று நிலைத்தது. மராத்தியில் அதே வடிவம் மேலும் சுருங்கி நாணே ஆயிற்று. வேர்ச்சொல்லை மட்டும் காட்டி இடைநிலையை விட்டுவிடும் அகராதி முறை, தமிழ்க் கடன்சொற்களில் பிராகிருதத்தின் பங்கைத் தொடர்ந்து மறைத்து வருகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பொருள் வளர்ச்சியில் இரு மொழிகளும் காட்டும் வேறுபாடு சுவையானது. தமிழில் நாணயம் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். நாணயமானவர் என்றால் சொன்ன சொல் தவறாதவர். பேச்சுவழக்கில் இரண்டாம் பொருளே இன்று முந்தி நிற்கிறது. காசு என்னும் பொருள் செய்தித்தாள்களிலும் அரசு அறிவிப்புகளிலும் வாழ்கிறது. மராத்தியில் நாணே நேர்மையைக் குறிப்பதில்லை. அம்மொழி அப்பெயரினின்று நாணாவணே என்றொரு வினையை ஆக்கிக்கொண்டது: காசைச் சோதித்துத் தெரிதல் என்பது அதன் பொருள். அவ்வினையின் எச்சமாகிய நாணாவலேலா என்பது சோதனையில் தேறிய, ஆகவே புகழ்பெற்ற, என்னும் பொருளில் பாடகர்க்கும் நடிகர்க்கும் அடைமொழியாக வருகிறது. ஒருவரின் நாணே ‘கணகணீத்’ என ஒலிக்கிறது என்றால் அவரிடம் கள்ளம் இல்லை என்பது கருத்து; கல்லில் சுண்டிப் பார்க்கும் சோதனை இத்தொடரில் பதிந்துள்ளது.

தமிழ், காசின் குணத்தை மனிதனுக்கு ஏற்றியது; மராத்தி, காசின் மேல் நிகழும் சோதனையை மனிதனுக்கு ஏற்றியது. முன்னதில் நற்குணம் இயல்பாய் உள்ளது, பின்னதில் அது பிறரால் மெய்ப்பிக்கப்பட்டது. மராத்தி நாவலொன்றில் நாணாவலேலா வைத்தியர் என வருமிடத்தில் நாணயமான வைத்தியர் என எழுதினால் வேர் ஒன்றாகும், பொருள் பிழைபடும். அவர் கைதேர்ந்தவர், பெயர்பெற்றவர். கட்டணத்தில் நேர்மையானவரா என்பது பற்றி மூலம் ஒன்றும் கூறவில்லை. வேர் ஒத்த சொற்கள் மொழிபெயர்ப்பாளரை வேர் ஒவ்வாத சொற்களினும் மிகுதியாக ஏமாற்றும்.

பேரகராதியும் பழஞ்சொற்களும்

சங்கப் புலவர் பெயர்களில் வண்ணக்கன் என்னும் அடை பலமுறை வருகிறது. வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்போர் சான்று. காசின் தரம் அறிபவன் என்னும் பொருளை உரைகளும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924–1936) தருகின்றன. பொன்னின் தரத்தை அதன் நிறத்தால் அளக்கும் முறை வர்ணம் என்னும் சொல்லால் வடமொழியிற் குறிக்கப்படும். கௌடலியர் பதினாறு வர்ணகப் பொன்னைக் கூறுவார். அக்பர் கால அயினி அக்பரி கூறும் பான்வாரி முறையில் ‘பான்’ என்னும் தர அலகும் அதன் திரிபே. வண்ணக்கன் இக்குடும்பத்தைச் சேர்ந்தவன். ஆகவே அவன் முதலில் பொன்னின் நிறமறிந்தவன். காசுச் சோதகன் என்பது விரிபொருள். நோட்டக்காரன், வண்ணக்கன், சராப்பு என்னும் மூன்றையும் ‘நாணய பரிசோதகன்’ என்ற ஒரே தொடரால் விளக்கிச் செல்லுதல் அகராதிக்கு எளிது, ஆய்வாளனுக்குப் பயனில்லை. முதலது பார்வையை, இரண்டாவது நிறத்தை, அரபிச் சொல்லாகிய மூன்றாவது காசு மாற்றும் கடையை நினைவூட்டுகிறது. மூன்றும் வெவ்வேறு காலத்து வெவ்வேறு ஆட்கள்.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், நகைகளைத் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாக அக்கோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கும். எடைக்கு இக்கற்கள் அளவுகோல், தரத்துக்குத் தண்டவாணி. சில கொடைகளின் பொன் தண்டவாணியினும் கால் மாற்றோ அரை மாற்றோ தாழ்ந்தது என ஒளியாது குறிக்கப்பட்டிருத்தல் வியப்புக்குரியது. கொடுத்தவர் அரச குடும்பத்தார் ஆயினும் குறை குறையாகவே எழுதப்பட்டது. தண்டவாணி என்னும் தொடரைத் தண்ட + ஆணி எனப் பிரித்து வகரத்தை உடம்படுமெய் எனக் கொள்ளலாம். தண்ட + வாணி எனப் பிரித்து வாணியை வர்ணிகாவின் திரிபு எனவும் கொள்ளலாம். புணர்ச்சி இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆணிப்பொன், உரையாணி என்னும் வழக்குகள் முதற்பிரிப்புக்குத் துணை. உரைத்துப் பார்க்கும் மாதிரிப் பொன்னைக் கௌடலியர் வர்ணிகா என்றே குறித்திருப்பது இரண்டாவதற்குத் துணை. ஆணி என்னும் சொல்லுக்கு மாதிரிப் பொன் என்னும் பொருள் வந்ததே இவ்வாணியைத் தவறாகப் பிரித்ததன் விளைவாதல் கூடும். அவ்வாறாயின் ஆணிப்பொன் என்பதும் அத்தவற்றின் மகவே. தவறாகப் பிறந்த சொற்கள் நன்றாக வாழ்வது மொழிகளில் புதிதன்று.

தங்கசாலை இதற்கு இன்னொரு சான்று. சென்னையின் தங்கசாலைத் தெருவில் நடப்பவர் தங்கம் இருந்த சாலை என்றே பொருள்கொள்வர். மராத்தியில் இதனையே டாங்க்சாள் என்பர். டங்க என்பது முத்திரையிட்ட காசு. டகரம் தமிழில் மொழிமுதலாகாமையால் தகரமாயிற்று. தங்கம் என்னும் சொல் அருகில் இருந்தமையால் விளக்கமும் எளிதாயிற்று. செம்பும் வெள்ளியும் அடித்த சாலைக்கும் தங்கசாலை என்ற பெயர் பொருந்தியது இதனால்தான். பழைய அக்கசாலை என்னும் சொல் அர்த்தசாஸ்திரத்தின் அக்ஷசாலையோடு இணைவது. கொற்கை அருகே ஊர்ப்பெயராக அது இன்றும் நிற்கிறது.

வாசி என்னும் சொல்லைத் தனியே கூறுதல் வேண்டும். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் காசு பெற்றனர் என்பதும், சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வாசி கேட்டனர் என்பதும் பெரிய புராணம் கூறும் வரலாறு. இறைவன் தந்த காசையும் நோட்டம் பார்த்துக் கழிவு கேட்ட வணிகரைச் சேக்கிழார் காலத் தமிழர் இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர். வாசி என்பது இங்கு வேறுபாடு, அவ்வேறுபாட்டுக்குக் கழிக்கும் தொகை என்னும் இருபொருளையும் ஒருங்கே தாங்குகிறது. முக்கால்வாசி என்னும் இன்றைய வழக்கில் கூறு என்னும் பொருள் மட்டும் எஞ்சியது.

சட்டத்தின் மொழி

பழஞ்சொற்களை இக்காலச் சட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து கலைச்சொல் ஆக்கத்தில் அவ்வப்போது எழுவது உண்டு. நாணயச் சட்டத்தின் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு அக்கருத்தைச் சோதிக்கலாம். 1906 ஆம் ஆண்டு இந்திய நாணயச் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 2011 ஆம் ஆண்டுச் சட்டமும் ‘ரெமெடி’ என்னும் சொல்லைக் காசின் எடையோடு சேர்த்து வழங்குகின்றன. பொது அகராதியைத் திறப்பவர்க்கு அதன் கீழ் மருந்து, பரிகாரம், தீர்வழி என்பன கிடைக்கும். சட்ட மொழிபெயர்ப்பில் பழகியவர்க்கோ தீர்வழி என்பது முந்திக்கொண்டு கைக்கு வரும். நீதிமன்றச் சட்டங்களில் அதுவே சரியானது. நாணயச் சட்டத்தில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. எந்தச் சாலையும் ஒவ்வொரு காசையும் முற்றொருமித்த எடையில் அடிக்க இயலாது. ஆகவே விதித்த எடைக்கு மேலும் கீழும் இவ்வளவு வரை பிழையாகாது எனச் சட்டம் ஓர் எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லையே ரெமெடி. இடைக்கால இலத்தீனத்தின் ரெமேதியம் என்பதினின்று ஆங்கிலேயச் சாலை வழக்குக்கு வந்தது இச்சொல். காசின் தீர்வழி என எழுதிய தொடரைப் படிக்கும் நீதிபதி, குறைந்த காசு பெற்றவர்க்கு வழக்கிடும் உரிமை தரப்பட்டுள்ளதாகக் கருத நேரும். சட்டம் அளிப்பது அதற்கு நேர்மாறானது; எல்லைக்குள் அடங்கும் குறைக்கு ஒருவரும் வழக்கிட இயலாது.

அவ்விடத்தில் வாசியை மீட்டுக்கொள்ளலாமா? இயலாது என்பதே விடை. வாசி காசு கைமாறும் கடைத்தெருவுக்குரியது, கொடுப்பவன் இழப்பது. ரெமெடி காசு பிறக்கும் சாலைக்குரியது, செய்பவன் மன்னிக்கப்படுவது. ஒன்று குறைக்கு விலை, மற்றது குறைக்குப் பொறுத்தல். பொறியியல் தமிழில் ஏற்கெனவே வழங்கும் பொறுதி என்னும் சொல் கருத்தளவில் மிக அணுக்கமானது. சட்டத்தின் வரைவில் முதலிடத்தில் ‘அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு’ என விரித்தெழுதி, பின்னர்ப் பொறுதி எனச் சுருக்குதல் குழப்பம் தராது.

இங்கிலாந்தில் நிகழும் பிக்ஸ் சோதனை இச்சொற்களை ஒருங்கே காண உதவும். புதுக் காசுகளிலிருந்து எடுத்து ஒரு பேழையில் இட்டு வைத்த மாதிரிகளைச் சாலையைச் சாராத நடுவர் குழு எடைபோட்டும் உருக்கியும் சோதிக்கிறது. 1282 முதல் இச்சோதனைக்குச் சான்று உண்டு. 1871 முதல் இலண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் நிகழ்கிறது. பிக்ஸ் என்பது அப்பேழையின் கிரேக்கப் பெயர். பேழைச் சோதனை எனத் தமிழில் எழுதினால் பேழையையே சோதிப்பதாகப் பொருள்படும் என்பதால் ‘பேழைக்காசுச் சோதனை’ என்பது தகும். 1710 இல் நடந்த சோதனையில், சாலைத் தலைவராயிருந்த ஐசக் நியூட்டனின் பொற்காசுகள் தரம் குறைந்தவை எனக் குழு முடிவு கூறியது. ஒப்புநோக்க வைத்திருந்த 1707 ஆம் ஆண்டுத் தகடே வேண்டிய அளவினும் தூயது என்பது நியூட்டனின் மறுப்பு. அது சரியென்றே பின்னர்த் தெளிந்தது. குறை காசில் இல்லை, தண்டவாணியில் இருந்தது. ஆங்கிலத்தின் ‘ஸ்டாண்டர்ட்’ என்னும் சொல்லுக்குத் தரம் என ஒரே சொல்லை எல்லா இடத்தும் இடும் வழக்கம் இவ்விடத்தில் முழுதும் முறிகிறது. காசின் தரம் வேறு, தரத்தை அளக்கும் தகடு வேறு. ‘தரம் தவறாயிருந்தது’ எனத் தமிழில் எழுதினால் குற்றவாளி நியூட்டன் ஆகிவிடுவார். அளக்கும் பொருளுக்கு ஒப்புத்தகடு என்றோ தண்டவாணி என்றோ தனிப்பெயர் வைத்தலே தகுதி.

மாற்று என்னும் சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. பொன், வெள்ளிக் காசுகளின் தூய்மைக்கு அதனினும் சிறந்த தமிழ்ச் சொல் இல்லை. நேர்த்தி, நயம் என ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து வைப்பவை தேவையற்றவை. இன்றைய ஒரு ரூபாயோ ஃபெர்ரைட் வகைத் துருவுறா எஃகால் ஆனது. 1992 இல் 4.85 கிராமாக இருந்த அதன் எடை 2011 இல் 3.79 கிராமாயிற்று. எஃகுக்கு மாற்று இல்லை, கலவை விகிதமே உண்டு. கோயிற் கல்வெட்டை மொழிபெயர்ப்பவர் மாற்று என்பதை விடுதலும், எஃகுக் காசின் அறிக்கையை எழுதுபவர் மாற்று என்பதை இடுதலும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மோடி ஆவணங்களுக்குத் திரும்பினால், தஞ்சைக் கட்டுகளிலும் புனேக் கட்டுகளிலும் போத்தார் என வருமிடங்களைத் தமிழாக்குவோர் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கருவூலத்தில் பணம் பெறும் இடத்தில் அவர் பணக்காப்பாளர். காசு எண்ணித் தள்ளப்படும் இடத்தில் நோட்டக்காரர். ஆளின் பெயரோடு ஒட்டி வருமிடத்தில் மொழிபெயர்ப்பே வேண்டா, போத்தார் என விடுதல் போதும். ஒரே ஆவணத்தில் மூன்றும் வரக்கூடும் ஆதலின், சொல்லடைவில் மூன்று பதிவுகளையும் தனித்தனியே காட்டுதல் பதிப்பாளரின் கடமை.